ஆளைத் தேடாதே

மதுரைக்கு வெளியே, புறவழிச் சாலையிலிருந்து ஒதுங்கி நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு இணைப்பகம் என்று பெயர். உள்ளே போகிறவர்கள் போன், கைக்கடிகாரம், பேனா எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். கோயிலில் செருப்பை விடுகிற மாதிரிதான், ஆனால் இங்கே திரும்பி வரும்போது அவை அங்கேயே இருக்கும். ஆராய்ச்சி அறைச் சுவரில் ஆள் உயர எழுத்தில் ஒரே ஒரு வாசகம்: ஆளைத் தேடாதே.

சுடர்க்கொடி அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து வருடக்கணக்காக வேலை பார்க்கிறவள். அன்றைக்குப் பகலில்தான் முதன்முதலாக அதை நிமிர்ந்து பார்க்கப் பயந்தாள்.

திரையில் வந்திருந்த விடை இதுதான். நாற்பது வயதை ஒட்டியவர்கள், நேற்றுவரை ஓடியாடிக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார்கள். மாரடைப்பு என்று எழுதி, எரிக்க வேண்டியவர்களை எரித்து, புதைக்க வேண்டியவர்களைப் புதைத்தாயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இறப்புப் பதிவு, பள்ளிக்கூடப் பதிவு, ரேஷன், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் பெயரை உரித்துவிட்டு ஒன்றோடொன்று இணைத்தபோதுதான் அது தெரிந்தது. அத்தனை பேரும் குறைமாதத்தில், ஒரே ஊரின் ஒரே ஆஸ்பத்திரியில், இரண்டு மூன்று வருடங்களுக்குள் பிறந்தவர்கள். மூச்சுத் திணறிய அந்தச் சிசுக்களுக்கு ஓர் ஊசி போட்டிருக்கிறார்கள். பொல்லாத ஊசி என்று சொல்லிவிட முடியாது, அன்றைக்கு அதுதான் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் சுவரை அது சத்தம் காட்டாமல் மெலிய வைத்துவிட்டது.

இயக்குநர் இன்னாசிமுத்து குனிந்து திரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உயிரோட இருக்கிறவங்க?"

"அறுபத்துச் சொச்சம் சார். ஸ்கேன் எடுத்தா வீக்கம் தெரிஞ்சிரும். தெரிஞ்சா உள்ளுக்குள்ளயே ஒரு குழாய வச்சு முட்டுக்கொடுத்துரலாம். பெரிய ஆபரேஷன்கூட இல்ல."

"தெரியலைன்னா?"

சுடர் திரையில் இறந்தவர்களின் எண்ணிக்கையைத் தொட்டுக் காட்டினாள்.

"சரி, அவங்க கதவைத் தட்ட அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதுறேன். அவங்க சம்மதிக்க மூணு நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. பதறி அடிச்சுக்கிட்டு ஊரே ஸ்கேன் எடுக்க ஓடும், அதுல நெஜமா வேண்டியவங்க பின்னால தள்ளப்பட்டுருவாங்க. யார் யார்னு பேரு அடிபட ஆரம்பிச்சா அப்புறம் நம்மள ஒரு பய நம்ப மாட்டான்."

"தெரியும் சார்."

தெரியும்தான். அவளுக்குத் தெரிந்த இன்னொரு சங்கதி இயக்குநருக்குத் தெரியாது. அவளுடைய அக்கா வான்மதி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். அதே ஊர், அதே ஆஸ்பத்திரி, ஏறக்குறைய அதே வருடங்கள்.

வான்மதிக்கு இருபது வயதில் காசநோய் வந்தது. இணைப்பகம் பிறப்பதற்கு முந்திய காலம் அது. யாரோ ஒரு கெட்டிக்கார அதிகாரி, நல்ல எண்ணத்தில்தான், மாத்திரை வாங்குகிறவர்களின் விவரத்தையும் ரேஷன் அட்டை விவரத்தையும் பெயரோடு சேர்த்துப் பார்த்தார். பார்த்ததைத் தனக்குக் கீழே இருந்தவர்களுக்கு அனுப்பினார். அவர்கள் மச்சானுக்கும் மாமனுக்கும் அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் மில்லில் வான்மதியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆறு மாதத்தில் நோய் போய்விட்டது, பேச்சு போகவில்லை. அதன் பிறகு வான்மதி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டிக்குப் போய்ப் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது சொந்தமாக நாலு தறி ஓட்டுகிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை வாசலோடு அனுப்பிவிடுவாள்.

இணைப்பகத்தில் வேலை கிடைத்தபோது சுடர் முதலில் பயந்தது அக்காவிடம் சொல்லத்தான்.

"மறுபடியும் எல்லாத்தையும் கோத்துப் பாக்கப் போறீகளோ?" என்று கேட்டாள் வான்மதி.

"இது வேற மாதிரிக்கா. பேரு தெரிஞ்சவுகளுக்கு நோய் தெரியாது. நோய் தெரிஞ்சவுகளுக்குப் பேரு தெரியாது. நடுவுல ஒரு மிசினு இருக்கு, அதுக்குத்தான் ரெண்டும் தெரியும். அதுகிட்டக் கணக்குக் கேக்கலாம், ஆளக் கேக்க முடியாது. பத்துப் பேருக்குக் கொறஞ்ச கணக்கா இருந்தா அதையும் சொல்லாது, சின்னக் கூட்டத்துல ஆள அடையாளம் கண்டுபிடிச்சிருவோம்னு."

"ஒரு ஆளுக்கு ஆபத்துன்னா?"

"கதவத் தட்டச் சொல்லலாம். மிசினு பேர மட்டும் நர்ஸுக்குக் குடுக்கும். அந்தம்மா போயி, ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு டோக்கன் குடுக்கும். எதுக்குன்னு அந்தம்மாவுக்கே தெரியாது."

"நல்லாத்தேன் யோசிச்சிருக்காக. ஆனா ஒண்ணு கேட்டுக்க. உள்ள இருந்துக்கிட்டு எனக்காகத் தேடுனன்னு என்னைக்காவது தெரிஞ்சது, மூஞ்சில முழிக்க மாட்டேன். எனக்காகன்னா கண்டிப்பாத் தேடாத."

அந்த வார்த்தை இப்போது குறுக்கே நின்றது. ஒரே கேள்வியை நாலு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டால் அக்காவை நெருங்கிவிடலாம். எப்படி என்று சுடரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை, அப்படிப்பட்ட ஓட்டைகளை அடைத்ததே அவள்தான். அன்று சாயங்காலம் கையை விசைப்பலகையில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, வாசலில் போனை வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நாப்பது தாண்டியாச்சுல்ல. சும்மா ஒரு நெஞ்சு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோமா?"

"நீ எடுத்தியாக்கும்?"

"இல்ல. ஒனக்குத்தேன் அடிக்கடி மூச்சு வாங்குதேன்னு..."

"பஞ்சு தூசில நின்னா எவளுக்கும் மூச்சு வாங்கும். என்னடி, ஆபீசுல எதையும் பாத்தியா?"

சுடர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"காரணத்தச் சொல்லு, நாளைக்கே வாரேன். காரணமில்லாம ஆஸ்பத்திரி வாசல மிதிக்க மாட்டேன். அங்கன பட்டதே போதும்."

சுடர் போனை வைத்துவிட்டு, பஸ்ஸை விட்டுவிட்டு, அங்கேயே நின்றாள். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அக்கா உயிருக்காக அக்காவுக்கே துரோகம் செய்த மாதிரி இருந்திருக்கும். ஒரே ஒரு ஆறுதல்தான் மிச்சம்: இயந்திரம் தட்டும். எப்படியும் தட்டும். யாரும் தேடாமலே நர்ஸ் போய் அக்கா வாசலில் நிற்பாள்.

அதில் ஒரு சின்னக் கவலையும் இருந்தது. வான்மதி ஜூன் ஒன்றாம் தேதிக்காரி. நம் ஊரில் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள் மலைபோல் குவிந்து கிடப்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துக்கு ஐந்து வயது நிரம்ப வேண்டுமே என்று தலைமையாசிரியர்கள் பிறக்க வைத்த பிள்ளைகள் அவர்கள். அதனால் ஜூன் ஒன்று என்று கண்டால் இயந்திரம் தேதியை நம்பாது, தாய் தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்துத் துழாவும். அந்த வேலையையும் சுடர்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். கிடைத்துவிடுவாள், கிடைத்துவிடுவாள் என்று அந்த வாரங்களை ஓட்டினாள். ராஜபாளையம் பக்கத்து நம்பர் எதிலிருந்து போன் வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்தாள்.

குழு சம்மதித்தது. தட்டல் தொடங்கிய வாரம், சனிக்கிழமை காலையில், சுடர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது.

நீல நிற உடையில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். கழுத்து அட்டையில் ஜொஹரா என்று போட்டிருந்தது.

"சுடர்க்கொடிங்கிறது?"

"நான்தேன்."

"அப்பா பேரு பரமசிவம், அம்மா வேலம்மா, சரிங்களாக்கா? இந்த டோக்கன வச்சுக்கங்க. திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க, வரிசையில நிக்க வேண்டியதில்ல. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

ஜொஹராவுக்குத் தெரியாது. ஆனால் சுடருக்குத் தெரியும். அந்த வாரம் இணைப்பகத்திலிருந்து ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் தட்டல் போயிருந்தது, அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவளே அவள்தான். பெயர் தெரிந்தவளும் நோய் தெரிந்தவளும் சந்திக்கவே கூடாது என்று அத்தனை பாடுபட்டுச் சுவர் எழுப்பியிருந்தார்கள், இருவரும் அவள் வீட்டு நிலைப்படியில் நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, உள்ள என்னமோ தீயுது" என்றாள் ஜொஹரா.

தோசை கரிந்து கல்லோடு ஒட்டியிருந்தது.

அப்போ நானுமா குறைமாதம்? அம்மா அப்படிச் சொன்னதே இல்லையே. பூசணிக்காய் மாதிரி பிறந்தவள் என்றுதான் அம்மா சாகிறவரைக்கும் கேலி செய்வாள். அம்மாக்கள் பிள்ளை மனம் நோகாமல் கதை சொல்வார்கள், இயந்திரத்துக்குக் கதை சொல்லத் தெரியாது என்று சுடர் நினைத்தாள். பெற்றவளை நம்பாமல் தான் பழக்கிய இயந்திரத்தை நம்பினாள். படித்தவர்களுக்கு வருகிற வியாதி அது, அதற்கு ஸ்கேன் கிடையாது.

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லைங்க. இருபது வயசுப் பொண்ணு ரத்தக்குழா மாதிரி இருக்கு. போயிட்டு வாங்க."

சுடருக்குக் கால் தரையில் படவில்லை. அவள் பிழைத்துவிட்டாள். அக்காவின் வாசலுக்கோ யாரும் வரவே இல்லை, ஆகவே அக்காவுக்கு அந்த ஊசி போட்டிருக்கவே மாட்டார்கள். இத்தனை வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி எறிந்தது போலிருந்தது. அப்படியே பஸ் ஏறினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

தறிக்கூடத்தில் வான்மதி அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். தங்கச்சியையும் பால்கோவாவையும் பார்த்ததும் தறியை நிறுத்தினாள்.

"என்னடி, வேலை நாள்ல வந்து நிக்கிற? மூஞ்சி வேற பல்லா இருக்கு."

"அக்கா, என் கதவத் தட்டிட்டாகக்கா!"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். நர்ஸ் வந்தது, தோசை தீய்ந்தது, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது. வான்மதி பால்கோவாவை விரலால் வழித்துத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுசரி, இம்புட்டுச் சனத்துல அந்த மிசினு ஒன்னைய எத வச்சுக் கண்டுபிடிச்சது?"

"அப்பா அம்மா பேரு, ஊரு, பொறந்த தேதி. எல்லாம் ஆஸ்பத்திரிப் பதிவோட நூத்துக்கு நூறு பொருந்தியிருக்கும்."

"எந்தப் பொறந்த தேதி?"

"என்னுதுதேன். அக்டோபர் பதினாறு."

வான்மதி விழுந்து விழுந்து சிரித்தாள். "அது ஒன்னுதாடி? அது என்னுது!"

"என்னக்கா சொல்ற?"

"ஒனக்குத் தெரியாதா? நம்ம ரெண்டு பேரையும் ஒரே நாள்லதேன் அப்பா பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போனாரு. அம்மா மில்லுக்குப் போயிருமா, ஒன்னைய வீட்டுல வச்சுப் பாக்க ஆளில்ல. எட்மாஸ்டர் தலைக்கு மேல கைய வளச்சு மறுபக்கத்துக் காதத் தொடச் சொன்னாரு. எனக்கு ஒடம்புதேன் ஈர்க்குச்சி, கை நீளம், தொட்டுட்டேன். ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாரு. ஒனக்கு எட்டல. நாலு வயசுதான ஆகியிருந்துச்சு! காதத் தொட முடியாம அழுத. சர்டிபிகேட்டு இருந்தாத்தேன் சேப்பேன்னுட்டாரு. அப்பா சட்டப்பையில இருந்து ஒண்ண எடுத்துக் குடுத்தாரு. வீட்டுல இருந்ததே அது ஒண்ணுதேன். நான் ஆஸ்பத்திரியில பொறந்ததுக்குக் குடுத்தது. பேரே வைக்காம குடுத்ததுல்ல, 'பெண் குழந்தை'ன்னு மட்டுந்தேன் போட்டிருக்கும். எந்தப் பெண் கொழந்தையா இருந்தா என்ன? நீ பெரியம்மா வீட்டுல பொறந்தவ, ஒனக்கு ஏது சர்டி..."

சிரிப்பு பாதியில் நின்றது. தங்கையின் முகத்தை வான்மதி பார்த்துவிட்டாள்.

சுடருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ஜூன் ஒன்றைத்தான் நம்பக் கூடாது என்று இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருந்தாள். அக்டோபர் பதினாறு உண்மையான தேதி, அதில் பொய்யே இல்லை. ஆள்தான் வேறு. பரமசிவத்துக்கும் வேலம்மாளுக்கும் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த ஒரே பெண் குழந்தைக்குச் சுடர் என்று ஆள் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அம்மா பெயரையும் அப்பா பெயரையும் வைத்து எத்தனை துழாவினாலும் வான்மதிக்குப் பிறப்புப் பதிவு மிஞ்சவில்லை. நர்ஸ் அவள் வாசலுக்கு ஒருநாளும் வரப்போவதில்லை.

"அக்கா, கெளம்பு" என்றாள். "இப்பவே மதுரைக்குக் கெளம்பு."

"இப்பவாவது காரணத்தச் சொல்லுவியா?"

சொல்லலாமா? சுடர் யோசித்தாள். தட்டப்பட்டது அவள் கதவு. ஒருவர் கதவுக்கு வந்த சேதி அவருக்கே சொந்தம், அதை யாரிடம் சொல்வது என்பது அவர் இஷ்டம் என்று விதியிலேயே இருந்தது. சொன்னாள். ஊசி, ரத்தக்குழாய், செத்துப்போனவர்கள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் ஒன்னையத் தேடலக்கா. சத்தியமாத் தேடல" என்று அழுதாள்.

"தெரியும்டி. தேடியிருந்தா இம்புட்டுச் சந்தோசமாப் பால்கோவா வாங்கிட்டு வந்திருப்பியா?" வான்மதி எழுந்து தறியின் விசையை அணைத்தாள். "வா. காரணம் சொன்னா வாரேன்னு சொல்லியிருக்கேன்ல."

அதே டாக்டர்தான். இந்த முறை படத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை, ஒரே பார்வையில் எழுந்துவிட்டார். நடக்க விடாமல் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரத்தக்குழாயின் சுவர் வெங்காயத் தோலாக மெலிந்திருந்தது என்று அவர் பிறகு சொன்னார். மறுநாள் உள்ளே முட்டுக்கொடுத்துவிட்டார்கள். "இனிமே தறியும் ஓட்டலாம், தங்கச்சியையும் விரட்டலாம்" என்றார் டாக்டர். சுடர் வார்டு வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்து இணைப்பகத்துக்குப் போனதும் இன்னாசிமுத்துவைப் பிடித்தாள்.

"சார், பேரில்லாத பிறப்புச் சான்றிதழ நாம மறந்துட்டோம். ஒரு பிள்ளைக்கு எடுத்தத இன்னொரு பிள்ளைக்குக் குடுத்துப் பள்ளிக்கூடத்துல சேத்திருப்பாங்க. அந்தத் தேதி பொய்யா இருந்தா கண்டுபிடிச்சிருப்போம். உண்மையா இருக்கிறதாலதான் ஏமாந்துட்டோம்."

"இது யாரு சொன்னா உங்களுக்கு?"

"கேக்கக் கூடாது சார்."

அவர் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கேக்கல" என்றார்.

நர்ஸுகள் அதே கதவுகளை மறுபடியும் தட்டினார்கள். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி: இந்தத் தேதியில் பிறந்தது நீங்கள்தானா, அல்லது வீட்டில் வேறு யாராவதா? சிலர் கோபப்பட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டே அண்ணனையோ அக்காவையோ கூப்பிட்டார்கள். அப்படி இடம் மாறியவர்கள் எத்தனை பேர் என்று சுடர் இயந்திரத்திடம் கேட்டாள். பத்துக்குக் குறைவாக இருந்திருந்தால் திரை வெறுமையாகவே இருந்திருக்கும். எண் வந்தது. அதைப் பார்த்ததும் இன்னாசிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார்.

அக்டோபர் பதினாறாம் தேதி அலுவலகத்தில் வழக்கம்போல் சுடருக்குக் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அதை அப்படியே பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். மறுபரிசோதனைக்கு வந்து தங்கி, மறுநாள் வீட்டுக்குப் போகப்போகிற வான்மதி, கட்டில் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, கேக் மேல் எழுதியிருந்த தங்கையின் பெயரைக் கத்தியால் வழித்து முதலில் அதைத் தின்றாள்.

"இத்தன வருசமா என் கேக்க நீ தின்னிருக்க."

"தேதிய மாத்தி எழுதிக் குடுத்துட்டேன்க்கா. இனி அது ஒன்னுது" என்றாள் சுடர். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "அப்ப நான் எப்பக்கா பொறந்தேன்?"

"சித்திரையோ வைகாசியோ. அன்னைக்கு ஆலங்கட்டி மழை பேஞ்சுச்சுன்னு பெரியம்மா சொல்லும். தேதிய எவ பாத்தா?"

ஒரு மாநிலத்தையே இணைத்து வைத்திருக்கும் இயந்திரத்தில் அவளுடைய பிறப்பு மட்டும் எந்த மூலையிலும் இல்லை. இருந்த ஒன்றும் அக்காவுடையது. அது சுடருக்கு முதலில் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருந்தது.

வான்மதி கேக்கில் பெரிய துண்டாக வெட்டித் தங்கையின் வாயில் திணித்தாள்.

"என் ஜூன் ஒண்ண நீ வச்சுக்கடி. அம்புட்டுப் பெரிய கூட்டம். அதுக்குள்ள போயி நின்னுக்கிட்டா ஒன்னைய எந்த மிசினாலயும் கண்டுபிடிக்க முடியாது."